எளிய குறியீட்டு உரையை எச்டிஎம்எல் ஆக மாற்றுதல்

எளிய குறியீட்டு உரை என்பது விண்மீன் குறி, சதுர அடைப்பு, சமக்குறி போன்ற சில நிறுத்தற்குறிகளைக் கொண்டே தலைப்பு, பட்டியல், இணைப்பு, தடித்த எழுத்து ஆகியவற்றைச் சுட்டிக்காட்டும் எழுத்து முறை ஆகும். இணைய உலாவிகளுக்கு இந்தக் குறிகள் புரியா. அவற்றுக்குப் புரிவது எச்டிஎம்எல் எனப்படும் மீயுரைக் குறியிடு மொழி. ஆகவே ஓர் உள்ளடக்க மேலாண்மை அமைப்பில் எழுதுபவர் எளிய குறியீட்டில் எழுத, அமைப்பு அதனை எச்டிஎம்எல் ஆக மாற்றி வாசகருக்கு அனுப்புகிறது. தமிழ் விக்கிப்பீடியா இவ்வகை அமைப்புக்கு அனைவரும் அறிந்த எடுத்துக்காட்டு.

மாற்றும் நிரலுக்குத் தமிழ் இலக்கணம் தெரியாது. அது பார்ப்பது குறிகளையும், குறிகளுக்கு முன்னும் பின்னும் உள்ள எழுத்துகளையும் மட்டுமே. இதனால் ஆங்கிலத்தில் தோன்றாத சில பிழைகள் தமிழில் தோன்றுகின்றன. அவற்றுள் சில கண்ணுக்கு உடனே தெரியும். சில தெரியாமலேயே செய்தியை மாற்றிவிடும். திருப்பெரும்புதூர் – ஓரகடம் தொழிற்பகுதி பற்றி ஒரு மாணவர் கட்டுரை எழுதுவதாகக் கொண்டு இக்கட்டுரை இவற்றை விளக்குகிறது.

பின்புலம்

1995ஆம் ஆண்டு வார்டு கன்னிங்காம் முதல் விக்கித் தளத்தை உருவாக்கினார். அதில் இரண்டு சொற்களை ஒட்டி எழுதி, ஒவ்வொன்றின் முதல் எழுத்தையும் பெரிய எழுத்தாக இட்டால் அது இணைப்பாக மாறும். ஆங்கில விக்கிப்பீடியாவும் தொடக்கத்தில் இதே முறையைப் பின்பற்றியது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடே இல்லை என்பதால் அந்த முறை நீடித்திருந்தால் தமிழில் இணைப்பே கொடுத்திருக்க முடியாது. 2001இல் இரட்டைச் சதுர அடைப்பு முறை வந்தது. 2003இல் தொடங்கப்பட்ட தமிழ் விக்கிப்பீடியாவுக்கு அந்தச் சிக்கல் எழவில்லை. அதனை இயக்கும் மென்பொருள் மீடியாவிக்கி. அதன் குறியீட்டை விக்கியுரை என்பர்.

மற்றொரு கிளை வலைப்பதிவர்களிடமிருந்து வந்தது. 2002இல் டீன் ஆலன் உருவாக்கிய டெக்ஸ்டைல், 2004இல் ஜான் குரூபர், ஆரன் சுவார்ட்சின் துணையுடன் வெளியிட்ட மார்க்டவுன் ஆகியவை இக்கிளையைச் சேர்ந்தவை. மார்க்டவுனுக்கு முதலில் இருந்தது ஒரு விளக்கப் பக்கமும் ஒரு பெர்ல் நிரலும்தான். விளக்கம் பல இடங்களில் தெளிவாக இல்லாததால் ஒவ்வொருவரும் எழுதிய மாற்றி நிரல் ஒவ்வொரு விதமாக நடந்துகொண்டது. இதனைச் சீர்செய்ய ஜான் மெக்ஃபார்லேன், ஜெஃப் அட்வுட் முதலியோர் 2014இல் காமன்மார்க் என்னும் வரையறையை வெளியிட்டனர். கீழே மார்க்டவுன் பற்றிச் சொல்பவை பெரும்பாலும் காமன்மார்க் விதிப்படி உள்ளவை.

ஒரே குறிக்கு இரு கிளைகளிலும் வெவ்வேறு பொருள் உண்டு. வரியின் முதலில் # இட்டால் மார்க்டவுனில் அது தலைப்பு. விக்கியுரையில் எண்ணிட்ட பட்டியல். விக்கியுரையில் தலைப்புக்கு இருபுறமும் == இட வேண்டும். ஓரிடத்துக்கு எழுதியதை மற்றோரிடத்தில் அப்படியே ஒட்டுவோர் முதலில் தடுமாறுவது இங்குதான்.

மாற்றம் நடக்கும் முறை

காமன்மார்க் முறையில் மாற்றம் இரண்டு கட்டமாக நடக்கும். முதற்கட்டத்தில் நிரல் உரையை வரிவரியாகப் பார்க்கிறது. ஒவ்வொரு வரியின் தொடக்கத்தையும் கொண்டு அது தலைப்பா, பட்டியலா, பத்தியா, மேற்கோளா என்று முடிவு செய்கிறது. இந்தக் கட்டத்தில் வரிக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பது பொருட்டில்லை. இரண்டாம் கட்டத்தில் ஒவ்வொரு பத்திக்குள்ளும் புகுந்து தடித்த எழுத்து, சாய்வெழுத்து, இணைப்பு ஆகியவற்றைத் தேடுகிறது. பிறகு முழுவதையும் ஒரு மரம்போல் அமைத்து, கிளைகளை ஒவ்வொன்றாக எச்டிஎம்எல் ஒட்டுகளாக எழுதுகிறது.

மீடியாவிக்கியில் இதற்கு முன் இன்னொரு படி உண்டு. இரட்டை நெளிவடைப்புக்குள் உள்ள வார்ப்புருக்கள் முதலில் விரிக்கப்படும். ஊர்க் கட்டுரைகளின் வலப்பக்கம் காணும் தகவல் பெட்டி இப்படி விரிந்து வருவதே.

முதற்கட்டம் வரியின் தொடக்கத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் என்பதை மனத்தில் கொண்டால் பின்வரும் பிழைகள் ஏன் வருகின்றன என்பது விளங்கும்.

மாறிப்போகும் ஆண்டுகள்

தொழிற்பகுதியின் வரலாற்றை மாணவர் ஆண்டுவாரியாக மார்க்டவுனில் இவ்வாறு எழுதுவதாகக் கொள்வோம்:

1998. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது.
2006. திருப்பெரும்புதூரில் நோக்கியா கைப்பேசி ஆலை உற்பத்தியைத் தொடங்கியது.
2010. ஓரகடத்தில் ரெனோ–நிசான் கார் ஆலை திறக்கப்பட்டது.
2014. நோக்கியா ஆலை மூடப்பட்டது.

எழுதியதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் எண், புள்ளி, இடைவெளி என்ற வரிசையில் ஒரு வரி தொடங்கினால் அது எண்ணிட்ட பட்டியல் என்பது மார்க்டவுனின் விதி. பட்டியலின் முதல் எண் மட்டுமே கணக்கில் கொள்ளப்படும். அடுத்தடுத்த எண்களை உலாவி தானே ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொள்ளும். ஆகவே திரையில் 1998, 1999, 2000, 2001 என்று வரும். நோக்கியா ஆலை 1999இல் தொடங்கி 2001இல் மூடப்பட்டதாக வாசகர் படிப்பார். எட்டு ஆண்டுக்கு மேல் இயங்கிய ஆலைக்கு இரண்டே ஆண்டு ஆயுள். குரூபரின் பழைய நிரலானால் முதல் எண்ணையும் விட்டுவிட்டு 1, 2, 3, 4 என்று காட்டியிருக்கும். அது ஒருவகையில் நல்லது, பிழை என்று உடனே தெரிந்துவிடும். 1999 என்பது நம்பும்படி இருப்பதால்தான் தீங்கு.

இப்பட்டியலுக்கு மேலே வெற்று வரி இல்லாமல் ஒரு பத்தி இருந்தால் வேறொன்று நடக்கும். பத்தியை இடைமறித்துத் தொடங்கும் பட்டியல் 1 என்ற எண்ணில்தான் தொடங்க வேண்டும் என்று காமன்மார்க் சொல்கிறது. ஆகவே நான்கு வரிகளும் மேலுள்ள பத்தியோடு ஒட்டிக்கொள்ளும். ஆண்டுகள் சரியாக இருக்கும், ஆனால் எல்லாம் ஒரே நீளப் பத்தியாகிவிடும்.

இதற்குத் தீர்வு எளிது. புள்ளிக்கு முன் ஒரு பின்சாய்கோடு இட்டு 1998\. என எழுதினால் நிரல் அதனை வெறும் புள்ளியாகவே கொள்ளும். ‘1998:’ என்று முக்காற்புள்ளி இடலாம். ஒவ்வொரு வரியையும் * குறியுடன் தொடங்கி, ‘1998ஆம் ஆண்டு’ என்று எழுதுவது எல்லாவற்றிலும் நல்லது. விக்கியுரையில் எண்ணும் புள்ளியும் பட்டியலாகக் கொள்ளப்படா. எனவே தமிழ் விக்கிப்பீடியாவில் இந்தப் பிழை நேராது.

வரியின் தொடக்கமும் முடிவும்

பள்ளிக் கட்டுரை ஏட்டில் பத்தியின் முதல் வரியைச் சற்று உள்தள்ளி எழுதப் பழக்குவது வழக்கம். அதே பழக்கத்தில் கணினியிலும் இடைவெளி விசையை அழுத்திவிட்டுத் தொடங்குவோர் பலர். விக்கியுரையில் வரியின் முதலில் ஓர் இடைவெளி இருந்தாலே அந்த வரி தனிப் பெட்டிக்குள் ஒரே அகல எழுத்தில் வரும். மடங்காமல் திரைக்கு வெளியேயும் ஓடும். மார்க்டவுனில் மூன்று இடைவெளி வரை பொறுத்துக்கொள்ளும். நான்கானால் அது நிரல்வரி என்று கொண்டுவிடும். உள்தள்ளல் தேவையெனில் அது தளத்தின் பாணித் தாளில் செய்ய வேண்டிய வேலை. எழுதுபவர் பத்திகளுக்கு இடையே ஒரு வெற்று வரி விட்டால் போதும்.

பத்தியை முடித்து, அதன் கீழே கோடு போல - குறிகளை வரிசையாக இடுவதும் பலருக்குப் பழக்கம். மார்க்டவுனில் பத்திக்கு நேர் கீழே, வெற்று வரி இல்லாமல், அப்படிக் கோடு இட்டால் அந்தப் பத்தி முழுவதும் இரண்டாம் நிலைத் தலைப்பாகிவிடும். ஐந்து வரிப் பத்தி கொட்டை எழுத்தில் வந்து நிற்பதைப் பார்த்துவிட்டுக் காரணம் தெரியாமல் திகைப்பவர்கள் உண்டு. நடுவில் ஒரு வெற்று வரி விட்டால் கோடு கோடாகவே வரும்.

செய்யுளுக்கு வரும் சிக்கல் வரி முடிவில். திருப்பெரும்புதூர் இராமானுசர் பிறந்த தலம்; அவ்வூர் பற்றிய கட்டுரையில் பாசுரம் இடம்பெறுவது இயல்பே. அடி அடியாக உடைத்து எழுதினாலும் மாற்றி நிரல் ஒற்றை வரிமுறிவை வெறும் இடைவெளியாகவே கொள்ளும். நான்கு அடிகளும் ஒரே ஓட்டமாக வந்து, எதுகை எங்கே விழுகிறது என்பதே தெரியாமல் போகும். மார்க்டவுனில் அடியின் முடிவில் இரண்டு இடைவெளியோ ஒரு பின்சாய்கோடோ இட்டால் அடி முறியும். இரண்டு இடைவெளி கண்ணுக்குத் தெரியாது; அடுத்துத் திருத்துபவர் அறியாமல் நீக்கிவிடலாம். பின்சாய்கோடே பாதுகாப்பானது. மீடியாவிக்கியில் செய்யுளுக்கென்றே ‘போயம்’ என்னும் ஒட்டு உண்டு. அதற்குள் இட்டால் அடிகள் எழுதியபடியே நிற்கும்.

வேற்றுமை உருபும் இணைப்பும்

தமிழில் பெயர்ச்சொல் பெரும்பாலும் தனியே நிற்பதில்லை. உருபு ஏற்று வரும். கட்டுரைத் தலைப்போ உருபு ஏற்காத எழுவாய் வடிவில் இருக்கும். இணைப்புக் கொடுக்கும்போது இந்த இரண்டும் மோதுகின்றன.

மீடியாவிக்கியின் தமிழ் அமைப்பில் இதற்கு ஒரு வசதி உண்டு. இணைப்பின் மூடும் அடைப்பை ஒட்டி வரும் தமிழ் எழுத்துகள் எல்லாம் இணைப்பின் பகுதியாகவே காட்டப்படும். ஆகவே

[[சென்னை]]யிலிருந்து

என எழுதினால் ‘சென்னையிலிருந்து’ என்ற முழுச் சொல்லும் நீல நிறத்தில் வரும். சொடுக்கினால் ‘சென்னை’ கட்டுரைக்குச் செல்லும். [[ஏரி]]கள், [[பள்ளி]]க்கு, [[தொழிற்சாலை]]யை ஆகியனவும் இப்படியே. உயிரீற்றுச் சொற்களில் உடம்படுமெய்யோ வல்லின ஒற்றோ தோன்றிப் புணரும்போது நிலைமொழி சிதைவதில்லை என்பதால் இது நன்றாக நடக்கிறது.

மெய்யீற்றுச் சொற்களில் நடப்பதில்லை. திருப்பெரும்புதூர் + இல் = திருப்பெரும்புதூரில். நிலைமொழி ஈற்றிலுள்ள புள்ளி நீங்கி, அந்த இடத்தில் இகரக் குறி ஏறுகிறது. மகர ஈறு இன்னும் மாறும்: ஓரகடம் என்பது அத்துச் சாரியை பெற்று ‘ஓரகடத்தில்’ ஆகும். இங்கே [[திருப்பெரும்புதூர்]]இல் என எழுதினால் திரையிலும் ‘திருப்பெரும்புதூர்இல்’ என்றே வரும். தமிழ் இணையப் பக்கங்களில் இப்படி ஒட்டாமல் நிற்கும் உருபுகளைப் பார்க்கும்போது எழுதியவருக்குப் புணர்ச்சி தெரியாது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பாதிக் காரணம் அடைப்புக்குறி. சரியான வழி, தலைப்பையும் காட்ட வேண்டிய வடிவத்தையும் நிலைக்கோட்டால் பிரித்து எழுதுவது:

[[திருப்பெரும்புதூர்|திருப்பெரும்புதூரில்]]
[[ஓரகடம்|ஓரகடத்தில்]]

இதே முறையில் [[திருப்பெரும்புதூர்|ஸ்ரீபெரும்புதூர்]] என்றும் எழுதலாம். ஒரே ஊருக்கு இரு பெயர் வழங்கும்போது ஒரு பெயரில் கட்டுரையை வைத்து, மற்றொரு பெயரில் #வழிமாற்று என்னும் கட்டளையுடன் ஒரு பக்கம் இடுவதும் உண்டு. ‘படிமம்’, ‘பகுப்பு’ முதலிய சொற்களையும் மீடியாவிக்கி தமிழிலேயே ஏற்கிறது.

இதில் செய்யவே கூடாதது ஒன்று: உயிர்மெய்யைப் பிளப்பது. ‘திருப்பெரும்புதூர’ வரை ஒரு குறிக்குள் வைத்து, இகரக் குறியை மூடும் குறிக்கு வெளியே விடுவது. ‘ரி’ என்பது நமக்கு ஓரெழுத்து. ஒருங்குறியில் அது ரகரம் ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டு. இடையே ஓர் எச்டிஎம்எல் ஒட்டு புகுந்தால் உயிர்க்குறி ஆதாரம் இழந்து, புள்ளி வட்டத்துடன் தனியே தொங்கக்கூடும்.

குறியீடே தெரியாமல் எழுத உதவும் காட்சித் தொகுப்பி 2013இல் விக்கிப்பீடியாக்களுக்கு வரத் தொடங்கியது. பார்சாய்டு என்னும் நிரல் விக்கியுரையை எச்டிஎம்எல் ஆக்கி, திருத்தியபின் மீண்டும் விக்கியுரையாக மாற்றுகிறது. இணைப்புக்கு வெளியே ஒட்டி உருபைத் தட்டச்சு செய்தால் அது இணைப்போடு சேர்ந்துவிடாதபடி இடையில் ‘நோவிக்கி’ ஒட்டு ஒன்றைத் தானே செருகுவதும் உண்டு. சொல்லின் பாதி நீலமாகவும் பாதி கறுப்பாகவும் தெரிவதற்கு அதுவே காரணம்.

தடித்த எழுத்தும் ஒட்டிவரும் உருபும்

மார்க்டவுனில் தடித்த எழுத்துக்கு இருபுறமும் இரட்டை விண்மீன், சாய்வெழுத்துக்கு ஒற்றை விண்மீன் அல்லது அடிக்கோடு. *சென்னை*யில் என்று எழுதினால் ‘சென்னை’ மட்டும் சாய்ந்து வரும். அதையே _சென்னை_யில் என்று எழுதினால் மாறாது; அடிக்கோடுகள் அப்படியே திரையில் தெரியும். நிரல்களில் மாறிகளின் பெயர்களுக்கு நடுவே அடிக்கோடு வருவது வழக்கம் என்பதால், சொல்லின் நடுவே வரும் அடிக்கோட்டைச் சாய்வுக் குறியாகக் கொள்ளக் கூடாது என்று விதி செய்தனர். உருபு ஒட்டி வருவதால் தமிழ்ச் சொல்லும் அந்த விதியில் சிக்குகிறது. தமிழில் எழுதுவோர் அடிக்கோட்டை விட்டு விண்மீனையே பயன்படுத்துவது நல்லது.

விண்மீனும் ஓரிடத்தில் கைவிடும்.

தொழில் முன்னேற்றக் கழகம் (சிப்காட்)இன்

என்பதில் மூடும் விண்மீன்களுக்கு முன்னே பிறை அடைப்பு என்னும் நிறுத்தற்குறி, பின்னே எழுத்து. இந்த அமைப்பில் இருப்பதை மூடும் குறியாகக் கொள்ள முடியாது என்கிறது காமன்மார்க். சொற்களுக்கிடையே எப்போதும் இடைவெளி விடும் மொழிகளில் இது அரிதாகவே குறுக்கிடும். சீனம், சப்பானியம் போன்று இடைவெளி விடாத மொழிகளிலும், கொரியம், தமிழ் போன்று உருபு ஒட்டும் மொழிகளிலும் அடிக்கடி குறுக்கிடும். அடைப்பை விண்மீனுக்கு வெளியே எடுத்துவிடலாம். அல்லது பலர் எழுதுவதுபோல் இணைப்புக்கோடு இட்டு -இன் என்று தொடங்கலாம். பின்னால் வருவதும் நிறுத்தற்குறி ஆகிவிடுவதால் விண்மீன் மூடிக்கொள்ளும்.

தலைப்புகளின் முகவரி

ஒரு கட்டுரையின் நடுவிலுள்ள தலைப்புக்கு நேரே செல்ல, மாற்றி நிரல் ஒவ்வொரு தலைப்புக்கும் ஓர் அடையாளப் பெயர் தருகிறது. பெரும்பாலும் தலைப்பிலிருந்தே அதனை உருவாக்கும். பைத்தான் மார்க்டவுனின் பொருளடக்க நீட்சி, இயல்பான அமைப்பில், ஆங்கில எழுத்து அல்லாதவற்றை எல்லாம் நீக்கிவிடுவதால் தமிழ்த் தலைப்பில் எதுவும் மிஞ்சாது. தலைப்புகள் _1, _2 என்று பெயர் பெறும். நடுவில் புதிய தலைப்பு ஒன்று சேர்ந்தால் எண்கள் நகர்ந்து பழைய இணைப்புகள் எல்லாம் தவறான இடத்துக்குச் செல்லும்.

ஒருங்குறியை ஏற்பதாகச் சொல்லும் சில நிரல்களோ எழுத்து எது என்பதைத் தவறாக வரையறுக்கின்றன. அகரமேறிய மெய்யை எழுத்து என்று கொண்டு, புள்ளியையும் உயிர்க்குறிகளையும் எழுத்தல்ல என்று உதிர்த்துவிடும். ‘நிறுவனங்கள்’ என்பது ‘நறவனஙகள’ ஆகும். கல், கலை, கூலி, காலி நான்கும் ‘கல’ என்றாகும். தொழிற்பகுதி பற்றிய கட்டுரையில் ‘கூலி’ என்றும் ‘கலை’ என்றும் இரு தலைப்புகள் இருந்தால் இரண்டுக்கும் ஒரே பெயர். மீடியாவிக்கி முன்பு ஒவ்வொரு தமிழ்க் குறியையும் ஒன்பது எழுத்துக் கோவையாக மாற்றி வந்தது. ‘ஓரகடம்’ என்ற சிறிய தலைப்புக்கே 54 எழுத்து. இப்போது தமிழிலேயே காட்டுகிறது.

விசைப்பலகை

எளிய குறியீடு ‘எளிய’ என்று பெயர் பெற்றது ஆங்கில விசைப்பலகையை வைத்துத்தான். தமிழ்99 விசைப்பலகையில் சதுர அடைப்பு விசைகளில் ச, ஞ இருக்கின்றன. ஒற்றை மேற்கோள் விசையில் ய இருக்கிறது. விக்கியுரையில் இணைப்புக்கு [[ வேண்டும்; தடித்த எழுத்துக்கு மூன்று ஒற்றை மேற்கோள் வேண்டும். தமிழ்99இல் எழுதுபவர் ஒவ்வொரு இணைப்புக்கும் ஆங்கிலத்துக்கு மாறித் திரும்ப வேண்டியுள்ளது. தொகுப்புப் பெட்டியின் மேலுள்ள பொத்தான்களை அழுத்திக் குறிகளை இட்டுக்கொள்வது இவர்களுக்கு நேரத்தை மிச்சமாக்கும். கைப்பேசியில் வேறொரு தொல்லை: சில கைப்பேசிகள் நேரான மேற்கோளைத் தாமாகவே வளைந்த மேற்கோளாக மாற்றிவிடும். வளைந்த மேற்கோள் எத்தனை இட்டாலும் எழுத்து தடிக்காது.

சேமிப்பும் பாதுகாப்பும்

மாற்றிய எச்டிஎம்எல்லை மட்டும் வைத்துக்கொண்டு மூல உரையை எறிந்துவிடும் அமைப்பில் பின்னாளில் திருத்துவது கடினம். மீடியாவிக்கி மூல விக்கியுரையையே ஒவ்வொரு பதிப்பாகச் சேமிக்கிறது; மாற்றிய எச்டிஎம்எல்லைத் தற்காலிகமாக வைத்திருந்து, தேவைப்படும்போது புதிதாக ஆக்கிக்கொள்ளும். துருப்பலும் மூலத்தை அப்படியே வைத்துக்கொண்டு, காட்டும் வேளையில் வடிகட்டிகள் வழியே செலுத்துகிறது. மேலே சொன்ன ஆண்டுப் பட்டியல் பிழை போன்றது நேர்ந்தால், மூலத்தில் 2006 என்பது அழியாமல் இருக்கும். எச்டிஎம்எல் மட்டும் மிஞ்சினால் 2006 என்ற எண் எங்கும் இராது. பட்டியல் 1998இல் தொடங்குகிறது என்ற குறிப்பு மட்டுமே இருக்கும்.

மார்க்டவுன் தன்னுள் எச்டிஎம்எல்லை நேரடியாக எழுதவும் இடம் தருகிறது. யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய தளத்தில் இது ஆபத்து. படிப்பவரின் உலாவியில் ஓடும் தீய நிரலை ஒருவர் செருகிவிடலாம். இணைப்பு முகவரியின் இடத்திலும் நிரலை ஒளித்து வைக்க முடியும். எனவே அனுமதிக்கப்பட்ட ஒட்டுகளைத் தவிர மற்றவற்றை நீக்கும் துப்புரவு நிரல் தேவை. அது மாற்றத்துக்குப் பின் இயங்க வேண்டும். முன்னால் இயக்கினால், வெறும் குறிகளாக இருந்து மாற்றத்தின்போது ஆபத்தான ஒட்டாக உருவெடுப்பவை அதன் கண்ணில் படா. துருப்பலில் வடிகட்டிகளின் வரிசையை நிருவாகியே அமைக்கலாம் என்பதால், தளம் தொடங்கும் அன்றே மார்க்டவுன் வடிகட்டி மேலேயும் துப்புரவு வடிகட்டி அதற்குக் கீழேயும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும்.